இஸ்திரி போட்ட மணல்

அந்த விடுதியில் அவரை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. துணிக்கு இஸ்திரி போடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலையைப் பார்த்தது அவர் மனைவி, விடுதியின் சலவைக்கூடத்தில். இவர் இஸ்திரி போட்டது மணலுக்கு. "புருஷன் மணலுக்கு, பொண்டாட்டி துணிக்கு, நல்ல பொருத்தம்யா" என்று சமையல்காரர் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

மணலுக்கு என்ன இஸ்திரி என்கிறீர்களா? பாலைவன ஓரத்தில் தங்குமிடம் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பாலைவனம் வேண்டும், ஆனால் அதில் இன்னொருத்தன் நடந்திருக்கக் கூடாது. அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எதிரே மணல்மேடு மழமழவென்று இருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் இவர்களே குஞ்சு குளுவானோடு உருண்டு புரண்டு, தண்ணீர் பாட்டில் மூடியைப் புதைத்துவிட்டுப் போன அதே மேடுதான். விடிந்தால் அது புதுசாக இருந்தாக வேண்டும். வாசல் பலகையில் 'முதல் காலடி உங்களுடையது' என்று கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். எப்படிப்பட்ட புளுகு பாருங்கள்.

அந்தப் புளுகை நிஜமாக்குவதுதான் இஸ்திரியின் வேலை. கனமான பழைய கம்பளம் ஒன்று, அதன் முன்விளிம்பில் ஒரு மரச்சட்டம், சட்டத்தின் இரு முனையிலும் கயிறு. கிழக்கு வெளுக்கும் முன்னே கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, விருந்தாளிகள் கண்ணில் படாத பக்கவாட்டில் ஏறி உச்சிக்குப் போவார். அங்கிருந்து குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக்கொண்டே இறங்குவார். பின்னால் வரும் கம்பளம் விருந்தாளிகளின் தடத்தோடு அவர் தடத்தையும் சேர்த்து அழித்துவிடும். கீழே வந்து திரும்பிப் பார்த்தால், அந்த மேட்டில் மனுஷன் ஏறினான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மேட்டின் இந்தப் பக்கம் மட்டும்தான் அவர் பொறுப்பு. அந்தப் பக்கச் சரிவு எந்த அறையிலிருந்தும் தெரியாது, ஆகவே அதை யாரும் சீண்டுவதில்லை.

இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். தண்ணி லாரி ஓட்டியவர். அந்த மணல்வெளி ஓரத்தில் வரிசையாக முளைத்திருந்த விடுதிகளுக்கெல்லாம் அவர் லாரியில்தான் தண்ணீர் போகும். குளிக்கிற தொட்டியில் நுரை வைத்துக்கொண்டு பாலைவனத்தை ரசித்தவர்களுக்கு, அந்தத் தண்ணீர் யார் கைபட்டு வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது இஸ்திரி மூக்கொழுகும் வயசு. அண்ணன் கல்யாணம் காட்சி என்று எதையும் யோசிக்கவில்லை. தம்பியை லாரியில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தே வளர்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் லாரிதான், காய்ச்சல் வந்தால் தூங்குவதும் லாரிதான்.

மணலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. வழி தவறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முன்னால் போகக் கூடாது. இறங்கி, வந்த டயர்த் தடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே திரும்பி வர வேண்டும். "கண்ணு ஏமாத்தும்டா தம்பி. எல்லா மேடும் ஒரே மாதிரிதான் இருக்கும். நம்ம தடம் மட்டும்தான் நம்மளது" என்பார் அண்ணன். அப்படித்தான் ஒரு மணல்காற்று சமயத்தில் இருவரும் உயிர் பிழைத்து வந்தார்கள்.

வயசான பிறகு அண்ணனுக்கு ஞாபகம் கழன்றுபோக ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் மனிதர்கள். லாரியை விடுதி வேலியில் மோதி நிறுத்திவிட்டு, "இந்த வேலியை எவன் இங்க வச்சான்?" என்று சண்டைக்கு நின்றதோடு வேலை போனது. இஸ்திரி அவரைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டார். சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஊழியர் குடியிருப்பு. ஒரே அறை, ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் கட்டில். இஸ்திரிக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. "பிள்ளை இல்லைன்னு கவலைப்பட்டேன், வந்து சேர்ந்துடுச்சு பாரு, மீசையோட" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனால் அண்ணன் தட்டில் முள் இல்லாமல் மீனை எடுத்து வைப்பதும் அவள்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் வாசலைப் பளிச்சென்று பெருக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். வெளியே போன அண்ணன் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க மாமா" என்றாள். கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இது யார் வீடும்மா?"

"நம்ம வீடுதான். வாங்க, டீ ஆறுது."

"நம்ம வீடா? என் தடம் எங்க காணோம்?" என்று தரையைக் காட்டினார். என்ன சொல்லியும் படி ஏறவில்லை. தெரியாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவருக்கு ஒரே கூச்சம். இஸ்திரி ஓடி வந்து அவர் கையைப் பிடித்து முற்றத்தில் நாலு நடை நடத்தி, மறுபடி வாசலுக்குக் கொண்டு வந்தார். இப்போது தன் கால் தடத்தைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் டீயைக் குடித்தார். புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாசல் பெருக்கும்போது ஓர் ஓரத்தில் அவர் தடத்தை விட்டுவிட்டுத்தான் பெருக்குவாள்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. அண்ணனுக்கு லாரி ஞாபகம் வந்துவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தன் லாரி நிற்கிறது, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று மனசில் விழுந்துவிட்டது. விடியும் முன்னே சத்தமில்லாமல் எழுந்து போய், விருந்தாளிகளின் மேட்டில் நடு நெஞ்சில் மிதித்து ஏறுவார். உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவார். அங்கே லாரி இருக்காது. எதற்கு வந்தோம் என்பதும் மறந்துவிடும். ஆனால் மணலில் தன் தடம் கிடக்கும். அதன் மேலேயே ஒவ்வொரு காலாக வைத்து, பிசகாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இஸ்திரி முதல் தடவை பதறித் தேடப் போனவர், அண்ணன் அப்படி வருவதைப் பார்த்து நிம்மதியானார். அது முதல், தடம் ஏறியிருந்தால் அவர் இறங்கி வரும்வரை காத்திருந்துவிட்டு அப்புறம்தான் கம்பளத்தை எடுப்பார்.

அப்படிக் காத்திருந்த ஒரு நாள் மேனேஜர் பார்த்துவிட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை. மேலே இருக்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன், அவ்வளவுதான்.

"என்னய்யா இது, மேட்டு நடுவுல ரோடு போட்ட மாதிரி?"

"அண்ணன் சார். இப்ப தொடைச்சிடறேன்."

"இதோ பாரு, குவார்ட்டர்ஸ்ல வெளியாளைத் தங்க விட்டதே நான் கண்ணை மூடிக்கிட்டதால. விருந்தாளி யாராச்சும் போட்டோ எடுத்துப் புகார் பண்ணினா என் தலைதான் உருளும். இன்னொரு தடவை அவர் தடம் இந்த மேட்டுல என் கண்ணுல பட்டுச்சுன்னா, நீ வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான். அவரை எங்கயாச்சும் சேர்த்துடு. நகரத்துல அதுக்குன்னே இல்லம் இருக்காமே."

இஸ்திரி அந்த இல்லத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் வெளியே தாழ்ப்பாள். உள்ளே ஒரு பெரியவர் கதவருகே நின்று, "யாராச்சும் திறங்களேன், எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தரை வழவழப்பான ஓடு. நடந்தால் ஒரு தடமும் விழாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "செத்தாலும் அங்க விட மாட்டேன்" என்றார். அவளும் சரி என்றாள். அன்றிலிருந்து இருவரில் ஒருவர் கதவை ஒட்டிப் படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஒரு சாயங்காலம் சலவைக்கூடத்துக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை விரிப்புகளையெல்லாம் அண்ணன் உருவி, மணலில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டுமாம். அன்றைக்கு விடுதி நிறைந்து வழிகிறது. ஒரு கல்யாண ஜோடி, கூடவே படம் எடுக்கிறவர்கள் பட்டாளம். அவள் காலையிலிருந்து நின்ற இடத்தில் நின்று துவைத்த துணிகள். எல்லாம் மண். பாவம், அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது.

"உங்களுக்கு மாரடிச்சே நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல. எங்கயாச்சும் போய்த் தொலைங்களேன், நானாவது நிம்மதியா இருப்பேன்!"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அவள் மறுபடி எல்லாவற்றையும் துவைத்துப் போட்டு, களைத்துப்போய் வந்து படுத்தவள், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். அன்றைக்குக் கதவை ஒட்டிப் படுக்க வேண்டியது அவள் முறை.

விடியும் முன்னே இஸ்திரி எழுந்தபோது கதவு திறந்திருந்தது. மனைவி அதற்குள் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தாள். அண்ணன் தடுப்புக்குப் பின்னால் தூங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இஸ்திரி எட்டிப் பார்த்தார். கட்டில் காலி. கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேட்டின் நடுவில், அடியிலிருந்து உச்சிவரை, தையல் போட்ட மாதிரி ஒரே வரிசைத் தடம். ஏறியிருந்தது. இறங்கவில்லை.

காத்திருக்கலாம் என்று பார்த்தால், அறைகளின் பக்கம் ஒரு விளக்கு அசைந்தது. மேனேஜர் குரல் கேட்டது. கல்யாண ஜோடியையும் படக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அவர் முன்கூட்டியே வந்துகொண்டிருந்தார். சூரியன் எழும்போது ஒரு சுருக்கம்கூட இல்லாத மேடு பின்னால் தெரிய வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்கள். இஸ்திரிக்கு அந்த நேரத்தில் தாழ்ப்பாள் போட்ட கதவுகள்தான் கண் முன்னால் வந்தன. வேறெதுவும் தோன்றவில்லை. பக்கவாட்டில் ஓட்டமாக ஏறினார். அந்தப் பக்கம் ஒரே இருட்டு, ஆள் அசைவு எதுவும் தெரியவில்லை. உச்சியில் கம்பளத்தை விரித்து, அண்ணன் தடத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு இறங்கினார். மூச்சு இரைத்தது. கீழே வந்து நின்றபோது மேடு மழமழவென்று இருந்தது.

"பேஷ்! இதுதான்யா இஸ்திரி" என்றார் மேனேஜர், வந்தவர்கள் காதுபட.

சுற்று வழியாக ஏறிப் போய் அண்ணனைக் கூட்டி வந்துவிடலாம் என்று இஸ்திரி திரும்பினார். மேனேஜர் விடவில்லை. "இங்க மிச்ச வேலையை மத்த ஆளுங்க பார்த்துக்குவாங்க. நீ உடனே வண்டியில ஏறு. ராத்திரி வர வேண்டிய வேன் ரோட்டுல மணல்ல புதைஞ்சு நிக்குதாம். உள்ள விருந்தாளிங்க, சின்னக் குழந்தைங்க வேற. மண்வெட்டி, பலகை எல்லாம் ஏத்தியாச்சு."

"சார், ஒரு நிமிஷம் வீட்டுக்குப் போயிட்டு..."

"வந்து போகலாம்யா, ஏறு!"

அவர் ஏறிவிட்டார். அந்த நேரம் வாயைத் திறந்து, 'என் அண்ணன் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் எதை அழித்தோம் என்பதும் வெளியே வந்துவிடும். அண்ணன் என்றைக்கும் போல வந்துவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வழியில் ஓட்டுநர், "என்ன இஸ்திரி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, வயிறு சரியில்ல" என்றார். போனில் மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த ரோட்டில் சிக்னல் கிடையாது.

வேன் அச்சுவரை புதைந்திருந்தது. வெட்ட வெட்ட மணல் சரிந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. குழந்தைகள் அழுதன. இஸ்திரி வெறி பிடித்தவர் போல வெட்டினார். "என்னா வேகம்யா" என்று விருந்தாளி ஒருவர் மெச்சிக்கொண்டார். ஒருவழியாக வண்டியை இழுத்து வெளியே கொண்டு வந்து, விடுதிக்குத் திரும்பியபோது உச்சி வெயில்.

வாசலிலேயே ஆள் கூட்டம். மனைவி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"மாமாவைக் காணோங்க! காலையிலிருந்து தேடறோம்! நேத்து நான் திட்டினேங்க, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்க!"

"எங்க தேடினீங்க?"

பதில் சொன்னவர் மேனேஜர். "ரோட்டோரம் பூரா தேடிட்டோம்யா. பக்கத்து விடுதிக்கெல்லாம் போன் போட்டாச்சு. மணல் பக்கம் போகலை, அது நிச்சயம். மேட்டுல ஒரு தடம்கூட இல்லை, காலையில நானே பார்த்தேனே."

இஸ்திரி மேட்டைப் பார்த்தார். "இருந்துச்சு சார்" என்றார். "நான்தான் அழிச்சேன்."

சமையல்காரர்தான் முதலில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, "நிக்கறீங்களேப்பா, வாங்க!" என்று கத்தினார்.

எல்லோருக்கும் முன்னால் இஸ்திரி உச்சிக்கு ஏறிவிட்டார். அன்றைக்குப் பார்த்து காற்றே இல்லை. அந்தப் பக்கச் சரிவில் எல்லாம் அச்சுப் பதித்த மாதிரி கிடந்தது. முதலில் அண்ணன் இறங்கிப் போன தடம். அதன் மேலேயே மறுபடி அதே கால்கள், செருப்பு நுனி இந்தப் பக்கம் பார்த்தபடி, ஒன்றின் மேல் ஒன்றாக மேலே ஏறி வந்திருந்தன. உச்சிவரை வந்திருந்தன. உச்சியில் ஓர் இடத்தில் மணல் குழிந்து, மிதிபட்டுக் கலங்கிக் கிடந்தது. ஒரு மனுஷன் அங்கே நின்று, இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, உட்கார்ந்து எழுந்து, மறுபடி நின்றிருக்கிறான். படம் எடுத்தவர்கள் போய், கீழே இருந்தவர்களெல்லாம் ரோட்டோரம் தேடிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அதற்குக் கீழே, விடுதியைப் பார்த்த சரிவில், இஸ்திரி காலையில் துடைத்துவிட்டுப் போன மணல். அடிவாரத்தில் கல்யாண ஜோடியின் தடம் இருந்தது. மேலே ஒன்றுமில்லை.

கீழே விடுதி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கொடியில் வெள்ளை விரிப்புகள்கூடத் தெரிந்தன. கண்ணுள்ள யாருக்கும் தெரியும். ஆனால் அண்ணன் எந்தக் காலத்தில் கண்ணை நம்பினார்? அவர் தன் தடத்தைத்தான் தேடியிருக்கிறார். அது இங்கே முடிந்துபோயிருக்கிறது. யாரோ தெரியாதவர்களுடைய இடம், உள்ளே நுழைவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். குழிந்த இடத்திலிருந்து புதிதாக ஒரு தடம் கிளம்பி, உச்சியோடு ஒட்டிப் போய், விடுதிக்கு முதுகைக் காட்டி, அடுத்த மேட்டுப் பக்கம் இறங்கியிருந்தது.

இஸ்திரி அந்தத் தடத்தின் பின்னால் ஓடினார். விழுந்தார், எழுந்தார், ஓடினார். "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்ட குரல் பின்னால் வந்தவர்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இடத்தில் அந்தக் குரல் நின்றுவிட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தலை தம்பி மடியில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்தார். இஸ்திரி தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார். உயிர் போயிருந்தது. சமையல்காரர் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடக்கம் முடிந்தது. விடுதியிலிருந்து எல்லோரும் வந்தார்கள், தண்ணி லாரி ஓட்டுநர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார்கள். மேனேஜர் இஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுய்யா" என்றார். இஸ்திரி தலையை ஆட்டினார். அவர் மேல் இவருக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தாலாவது கொஞ்சம் தேவலை.

உச்சியில் தான் பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் ஓடி வந்தவர்களுக்கு அது வெறும் கலைந்த மணல். அதன் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடிப்போனார்கள். தடத்தை அழித்ததால் தேட நேரமாகிவிட்டது, அதுதான் நடந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதுவே தாங்க முடியாத பாரம்தான். அதற்கு மேல் ஒன்று இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தேடப் போனவர்களின் கால்தடங்களையெல்லாம் அவரே துடைக்க வேண்டியிருந்தது. துடைத்தார். பழையபடி கம்பளத்தை இழுத்தார். உச்சியில் அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. ஒரு காற்று வந்து அதைக் கொண்டுபோயிற்று.

மனைவி சாப்பாட்டை விட்டுவிட்டாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள், கையில் எடுத்த வாய் அப்படியே நிற்கும். வாசலைப் பெருக்க மாட்டேன் என்றாள். மணல் உள்ளே வந்து கட்டில்வரை கிடந்தது. சொல்லச் சொல்லத் தேற மாட்டேன் என்றாள். அவளுக்கு ஒரே பேச்சுத்தான்.

சலவைக்கூடத்தில் ஒரு மத்தியானம். இயந்திரம் நின்றிருந்தது. பெரிய விரிப்பு ஒன்றை மடிக்க ஆள் இல்லாமல் அவள் திணறியதைப் பார்த்து, இஸ்திரி போய் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்து நீவி, பாதியாக மடித்தார்கள்.

"நான் போய்த் தொலைங்கன்னு சொன்னேன்ல. சரிம்மான்னு சொன்னாருங்க. அந்த 'சரிம்மா' காதுலயே நிக்குது" என்றாள்.

"அவருக்கு அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல மறந்திருக்கும்."

"மறக்கலை. மறந்திருந்தா ஏன் திரும்பி வரலை? எத்தனை தடவை போயிருக்காரு, ஒரு தடவையாச்சும் வராம இருந்திருக்காரா? அவர் தடத்தைப் பிடிச்சு அவரா வந்துடுவாருல்ல? அன்னிக்கு மட்டும் ஏன் வரலை? இங்க வர அவருக்கு மனசில்லை. நான்தான் கொன்னுட்டேன்."

இஸ்திரி விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றார். பேசாமல் இருந்துவிடலாம். அண்ணன் தடத்தைத் துடைத்த பாவத்தை இவள் பாதி சுமந்துகொண்டிருந்தாள். அப்படியே விட்டால் இவர் பாரம் கொஞ்சம் குறையும். ஆனால் எதிரே நின்றவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மீன் முள்ளை எடுத்து எடுத்து வைத்த கை குச்சியாகிப்போயிருந்தது.

"திரும்பி வந்தாரு" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"மேட்டு உச்சி வரைக்கும் வந்தாரு. போன தடத்து மேலயே காலை வச்சு, என்னிக்கும் போல நம்ம வீட்டுக்குத்தான் வந்தாரு. நான் பார்த்தேன். உன் மேல கோவமெல்லாம் இல்லை அவருக்கு." விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "அங்கிருந்து இறங்க அவருக்குத் தடம் இல்லை. நான் தொடைச்சு வச்சிருந்தேன்."

அவள் கையிலிருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. கத்துவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டாள்.

"அங்க எவ்வளவு நேரம் நின்னாரு?"

"ரொம்ப நேரம்" என்றார் இஸ்திரி.